தோல்தகட்டில் விழுந்த நெளிவுகள்: வெள்ளவத்தையில் ஒரு சுக்கானும் 96 ஃபிளஷ் ரிவெற்றுகளும்

பின்னணி

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் நடந்த வேலை இது. இருவர் அமரும் முழு அலுமினிய விமானக் கிட் ஒன்றின் வால் பகுதி பெட்டியில் வந்திறங்கியிருந்தது. அதில் முதலாவதாகச் சுக்கானை, அதாவது வாலில் இடம் வலமாக அசையும் உறுப்பை, கட்டத் தொடங்கினார்கள். கிட்டை வாங்கியவர் இயந்திரப் பொறியியலாளர். அவருடைய மைத்துனர் சனி, ஞாயிறுகளில் கை கொடுப்பார். மூன்றாமவர் கிருலப்பனையில் டின்கரிங் கராஜ் நடத்தும் பாஸ். கார்த் தகடு தட்டுவதில் 30 வருடத்துக்கு மேல் பழகிய கை. மூவரில் எவரும் அதற்கு முன் விமானத் தகட்டில் ரிவெற் அடித்ததில்லை.

சுக்கானின் தோல்தகடு 2024-டி3 அல்கிளாட் (தூய அலுமினிய மேற்படை கொண்ட அலுமினியக் கலவைத் தகடு), தடிப்பு 0.020 அங்குலம், அதாவது 0.51 மி.மீ. அதன் உட்பக்கத்தில் தகட்டை விறைப்பாக்கக் குறுக்காக வரும் எல் வடிவ ஸ்டிஃபனர்கள் 0.025 அங்குலம், 0.64 மி.மீ. முன்னால் முதுகெலும்புபோல் நிற்கும் ஸ்பார் 0.032 அங்குலம், 0.81 மி.மீ. தோலையும் ஸ்டிஃபனரையும் பிணைப்பது ஏ.என். 426 ஏ.டி. வகை ஃபிளஷ் ரிவெற், அதாவது தலை தகட்டின் மட்டத்தோடு பதியும் தறையாணி; தண்டு 3/32 அங்குலம், 2.38 மி.மீ. தலை 100 பாகைக் கூம்பு. தலையின் விட்டம் 4.55 மி.மீ., கூம்பின் ஆழம் ஏறத்தாழ 0.9 மி.மீ.

தகட்டின் தடிப்பே 0.51 மி.மீ. என்பதால், 0.9 மி.மீ. ஆழமான தலைக்கு அதைக் கவுண்டர்சிங்க் பிட்டால் குடைந்து இடம் செய்ய முடியாது. குடைந்தால் துளை பெருத்து, விளிம்பு கத்தி வாய்போல் ஆகிவிடும். எனவே ஆண், பெண் என இரு அச்சுகளுக்கிடையில் தகட்டை அழுத்தி, துளையைச் சுற்றிக் கூம்பாகக் குழிக்க வேண்டும். இதற்குப் பெயர் டிம்பிள். தோலிலும் டிம்பிள், அடியிலுள்ள ஸ்டிஃபனரிலும் டிம்பிள். ஒன்றுக்குள் ஒன்று கிண்ணம் அடுக்கியதுபோல் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாக அடித்தாலும் வேலை சரிவராது. இந்த நிகழ்வில் குறைகளில் பெரிய பங்கு இந்த இடத்திலிருந்துதான் வந்தது.

ரிவெற் அடிக்கும் முன் நடந்தவை

துளைகள் கிட்டிலேயே சற்றுச் சிறிதாகக் குத்தப்பட்டிருந்தன. அவற்றை 40ஆம் இலக்க பிட்டால், அதாவது 0.098 அங்குலத்துக்கு, இறுதி அளவாக்க வேண்டும். இலக்க பிட்டுகள் கையில் இரண்டுதான் இருந்தன. அவை மழுங்கியதும் பழைய சோனகத் தெருவில் 2.5 மி.மீ. பிட்டுகள் வாங்கினார்கள். இதில் பிழையில்லை. 40ஆம் இலக்கம் 2.49 மி.மீ.; வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு. பிழை வேறு இடத்தில் நடந்தது. புதிய பிட்டுகள் வாங்கும் முன், கடைசி இரண்டு வரிசைகளை மழுங்கிய பிட்டாலேயே துளைத்து முடித்திருந்தார்கள். மழுங்கிய பிட் வெட்டாது, உரசிக் கிழிக்கும். துளையின் பின்பக்கத்தில் கனத்த பிசிறு நிற்கும். அன்று இருட்டிவிட்டதால் அந்த இரண்டு வரிசைகளுக்கும் பிசிறு எடுக்காமலே டிம்பிள் அச்சு வைத்தார்கள்.

ரிவெற்றிலும் ஒரு சிக்கல் வந்தது. கிட்டுடன் வந்தவற்றில் ஏ.டி. 3-3 அளவு (முதல் எண் தண்டின் விட்டம், அடுத்தது நீளம்) பொதி ஒன்று குறைந்திருந்தது. மைத்துனர் கோட்டைப் பக்கக் கடை ஒன்றில் பார்வைக்கு ஒத்த அலுமினிய ரிவெற் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். நல்லவேளையாகப் பொறியியலாளர் தலையைப் பார்த்தார். ஏ.டி. ரிவெற்றின் தலை நடுவில் சிறு குழி ஒன்று இருக்கும். 2117-டி4 கலவைக்கு அதுவே அடையாளம். கடை ரிவெற்றின் தலை வெறுமையாக இருந்தது. வெறுந்தலை என்றால் மென்மையான தூய அலுமினியம். சுமை தாங்கும் இடத்துக்கு உதவாது. அதன் கூம்பும் 90 பாகை. 100 பாகைக் குழிக்குள் 90 பாகைத் தலை கூம்பின் அடியில் மட்டுமே முட்டும், விளிம்பு எழும்பி நிற்கும். பொட்டலம் ஒதுக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பதிலாகக் கையிலிருந்த ஏ.டி. 3-3.5 அளவையே எல்லா இடத்துக்கும் போடலாம் என்று முடிவெடுத்தார்கள். நீளம் சற்றுக் கூடினால் என்ன குறை வரும் என்று அப்போது கணக்குப் பார்க்கவில்லை.

கருவி விடயம் இன்னும் முக்கியமானது. ரிவெற் துப்பாக்கி ஓடர் செய்யப்பட்டிருந்தது, வந்து சேரவில்லை. பாஸின் கராஜில் காற்றால் இயங்கும் உளிச் சுத்தியல் இருந்தது. பிடி விட்டம் 0.401 அங்குலம். விமான ரிவெற் செட்டின், அதாவது ரிவெற்றில் படும் அடிமுனையின், தண்டும் அதே அளவு, எனவே செட் அதில் கச்சிதமாக ஏறியது. ஏறியதைக் கண்டதும் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்று நம்பிவிட்டார்கள். உளிச் சுத்தியலின் அடி குறுகியது, மிக வேகமானது. விசையை அழுத்தினால் முழு வேகம், விட்டால் நிற்கும். நடுவில் நிலையே இல்லை. ரிவெற் துப்பாக்கியின் அடி மெதுவானது, நீளமானது, கனமானது. விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒன்று இரண்டு அடியாகக்கூட விடலாம். மெல்லிய தகட்டில் முதல் இரண்டு அடியைத் தட்டிப் பார்க்க முடிவதும் முடியாததும்தான் இரண்டுக்குமுள்ள வித்தியாசம்.

அடித்த நாள்

ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கி மாலைக்குள் இடப்பக்கத் தோலின் எட்டு ஸ்டிஃபனர்களும் அடித்து முடிந்தன. மொத்தம் 96 ரிவெற். கொம்பிரசரில் காற்றழுத்தம் 90 பி.எஸ்.ஐ. வைத்திருந்தார்கள், கருவிக்கு அருகில் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேற்றர் எதுவும் இல்லை. பாஸ் வெளிப்பக்கத்திலிருந்து அடிக்க, மைத்துனர் உட்பக்கத்தில் தண்டின் நுனிக்கு எதிராகப் பக்கிங் பார் பிடித்தார். நுனி அதில் நசுங்கி அடிதலை ஆகும். பார் என்பது கராஜிலிருந்து வந்த 400 கிராம் இரும்புத் துண்டு. இந்த அளவு ரிவெற்றுக்கு 2 முதல் 3 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 0.9 முதல் 1.4 கிலோ வரையான பார் வேண்டும். பார் இலேசாக இருந்தால் அடி விழும்போது துள்ளும். துள்ளும் கணத்தில் ரிவெற்றுக்குப் பின்னால் எதிர்பாரம் இல்லை, அடியின் விசை முழுவதும் தகட்டில் இறங்கும்.

கண்டவை

மறுநாள் காலை வெயிலில் தோலைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் நிலைமை தெரிந்தது. மின்விளக்கின் கீழ் கண்ணுக்குப் படாத நெளிவுகள் சாய்ந்த வெளிச்சத்தில் வரிசையாகத் தெரிந்தன. பாஸுக்கு உடனே தோன்றியது அவர் தொழிலில் தினமும் செய்யும் தீர்வு.

"தம்பி, இதுக்கேன் இவ்வளவு யோசிக்கிறீங்கள்? கொஞ்சம் புட்டி பிடிச்சுத் தேய்ச்சு விட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

பொறியியலாளர் அன்றைக்கு வேலையை நிறுத்தினார். இரத்மலானையில் நெடுங்காலம் விமான உடற்பகுதி வேலை செய்து ஓய்வுபெற்ற தொழில்நுட்பவியலாளர் ஒருவரை அழைத்து வந்தார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சரியானது இதுதான் என்பது எமது கணிப்பு. வந்தவர் புட்டிப் பேச்சைக் கேட்டதும் சொன்ன பதில்:

"பாஸ், கார்க் கதவுக்கு அது சரி. இது கீலுக்குப் பின்னால தொங்கிற தகடு. பின்பக்கம் பாரம் கூடினா வேகத்தில நடுங்கத் தொடங்கும். நடுங்கினா வால் நிக்காது."

சுக்கான் போன்ற அசையும் உறுப்புகள் கீலை நடுவாக வைத்துச் சமநிலைப்படுத்தப்படுபவை. கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமும் அந்தச் சமநிலையைக் குலைக்கும். பெயின்ற் அடித்த பின்னும் சமநிலையை மீண்டும் பார்ப்பது அதனால்தான். புட்டி அத்துடன் கைவிடப்பட்டது.

பின்னர் 96 ரிவெற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, மாஸ்கிங் ரேப்பில் இலக்கமிட்டுக் குறித்தார்கள். 43 ரிவெற்றில் சொல்லத்தக்க குறை இல்லை. மீதி 53இல் 23 தலைகள் தோலின் மட்டத்துக்கு மேல் எழும்பி நின்றன. விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. 19இல் உட்பக்க அடிதலை பிழையாக இருந்தது. பெரும்பாலானவை ஒருபக்கம் சாய்ந்து மடிந்தவை. 17இல் தலையைச் சுற்றித் தோல் நெளிந்திருந்தது. ஆறு ரிவெற்றுகளில் இரண்டு குறைகள் சேர்ந்திருந்தன.

காரணங்களைப் பிரித்தது

"கருவி சரியில்லை" என்ற ஒரே பதிலில் நின்றிருந்தால் புதிய துப்பாக்கி வந்த பிறகும் பாதிக் குறை திரும்ப வந்திருக்கும். வந்தவர் குறைகளை வகை பிரித்து, ஒவ்வொரு வகையும் தோலில் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று படம் வரையச் சொன்னார். இடத்தைக் குறித்ததும் காரணம் தானாக வெளிவந்தது.

எழும்பி நின்ற 23 தலைகளில் 18 ஸ்டிஃபனர்களின் ஒடுங்கிய முனையில் இருந்தன. தோலின் டிம்பிள்கள் எல்லாம் சுத்தியலால் அடிக்கும் சீ வடிவச் சட்டத்தில் செய்யப்பட்டவை. அவை வடிவில் நன்றாகவே இருந்தன. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் கூர்மையான வட்டக் கோடு தெரிந்தது, அதற்கு வெளியே தகடு தட்டையாக இருந்தது. ஸ்டிஃபனரின் முனை சட்டத்துக்குள் போகாததால் அங்கே மட்டும் இடுக்கிபோல் கையால் அழுத்தும் ஸ்குவீசர் பயன்படுத்தியிருந்தார்கள். ஸ்குவீசரில் இரு அச்சுகளும் ஒன்றையொன்று தொடும் வரை மட்டுமே திருகு சரிசெய்யப்பட்டிருந்தது. தொட்டால் போதாது. தொட்ட பிறகு திருகை இன்னும் கால் சுற்று இறக்கி, கைப்பிடி மூடும் கடைசி நேரத்தில் கருவியின் சட்டமே சற்று வளையும் அளவுக்கு அழுத்தம் இருக்க வேண்டும். அப்போதுதான் கூம்பின் விளிம்பு முழுமையாக உருவாகும். இங்கே ஸ்டிஃபனர் குழி ஆழம் குறைந்து, தோலின் குழி அதற்குள் இறங்காமல், இரண்டு தகட்டுக்கும் நடுவில் 0.15 மி.மீ. வரை இடைவெளி நின்றது. வெளியில் எழும்பித் தெரிந்தது தலை. குறை இருந்தது ஸ்டிஃபனரில்.

மீதி ஐந்தில் காரணம் சின்னது, ஆனால் அடிக்கடி நடப்பது. டிம்பிளுக்குள் ப்ரைமர் வழிந்து தடித்து உறைந்திருந்தது. ப்ரைமர் மெல்லிய ஒரு பூச்சாக, தகட்டின் நிறம் இலேசாகத் தெரியும் அளவுக்கு இருந்தால் போதும். மழைக்காலத்தில் காயத் தாமதமாகும் என்று ஒரே தடவையில் தடிப்பாகப் பூசுவது கொழும்பில் வழக்கம். அந்த வழக்கம் டிம்பிளுக்கு ஒத்துவராது.

சாய்ந்த அடிதலைகளுக்கு விடை கணக்கில் கிடைத்தது. ரிவெற்றின் நீளம், பிணைக்கும் தகடுகளின் மொத்தத் தடிப்புடன் தண்டு விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் வருவது. ஃபிளஷ் ரிவெற்றின் நீளம் தலையின் மேல்மட்டத்திலிருந்து அளக்கப்படும் என்பதால் தலையைத் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. தோல் 0.51, ஸ்டிஃபனர் 0.64, சேர்த்து 1.15 மி.மீ. 2.38இன் ஒன்றரை மடங்கு 3.57. கூட்டினால் 4.72 மி.மீ. ஏ.டி. 3-3இன் நீளம் 3/16 அங்குலம், 4.76 மி.மீ.; கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. போட்டதோ 3-3.5, அதாவது 7/32 அங்குலம், 5.56 மி.மீ. முக்கால் மில்லிமீற்றருக்கு மேல் கூடுதல். பார்க்கும்போது அது பெரிய நீளமில்லை. ஆனால் 2.4 மி.மீ. தண்டுக்கு அவ்வளவு நீட்டம் இருந்தால், பார் அணுவளவு சரிந்தாலும் தண்டு நசுங்காமல் வளைந்து மடியும்.

நெளிவுகள் இரண்டு விதமாக இருந்தன. 11 இடத்தில் பிறை வடிவக் கீறல். செட் செங்குத்தாக நிற்காமல் சரிந்து, அதன் விளிம்பு தகட்டைக் கொத்தியது. ஆறு இடத்தில் வட்டமான உள்வாங்கல். பார் ரிவெற்றில் இல்லாதபோதோ துள்ளியபோதோ விழுந்த அடி. 90 பி.எஸ்.ஐ.யும் உளிச் சுத்தியலும் இலேசான பாரும் கூடினால் இதுதான் நடக்கும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அடிக்காததும் சேர்ந்தது. காதடைப்பான் போட்டிருந்ததால் பார் பிடித்தவர் "இன்னும் இல்லை" என்று சொன்னது அடித்தவருக்குக் கேட்கவில்லை.

வெடிப்பு

முதல் தீர்மானம் அடிதலை பிழைத்த 19 ரிவெற்றையும் கழற்றி மாற்றுவது. ஏ.டி. ரிவெற் தலையிலுள்ள குழி பிட்டின் முனையை நடுவில் பிடித்துக் கொடுக்கும் என்பதால் கழற்றுவது கடினமில்லை. தண்டின் அளவையோ அதற்கு ஒரு படி குறைந்த அளவையோ கொண்ட பிட்டால், தலையின் ஆழத்துக்கு மட்டும், ஏறத்தாழ 0.9 மி.மீ., துளைக்க வேண்டும். பிறகு அதே அளவு பின் பஞ்ச் என்ற மெல்லிய இரும்புக் குச்சியைத் துளைக்குள் விட்டுப் பக்கவாட்டில் அசைத்தால் தலை உடைந்து வரும். மீதித் தண்டை, அடிதலையைச் சுற்றி ஓட்டையுள்ள ஒரு கட்டையால் தாங்கிக்கொண்டு, மெதுவாகத் தட்டி வெளியேற்றலாம். தாங்கல் இல்லாமல் தட்டினால் ஸ்டிஃபனர் வளையும். ஆழமாகத் துளைத்தால் துளை பெருக்கும்.

எட்டாவது ரிவெற் கழன்றபோது, தோலின் டிம்பிள் விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு இருந்தது. வந்தவர் 10 மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தார். தகட்டைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார். பிறகு லென்ஸைப் பொறியியலாளரிடம் நீட்டினார், எதுவும் சொல்லவில்லை. கோடு துளையின் வாயிலிருந்து வெளிநோக்கி ஓடியது, கூம்பின் பாதியைத் தாண்டி நின்றது. கீறல் என்றால் திசை மாறி மாறி இருக்கும். இது துளையின் மையத்திலிருந்து ஆரக்கால் போல வந்தது.

பின்னர் வெல்டிங் பட்டறைகளில் பயன்படுத்தும் சிவப்புச் சாயச் சோதனைச் சாதனத்தை வரவழைத்து அந்தத் தோலின் கடைசி இரண்டு வரிசைகளையும் முழுதாகக் கழற்றிச் சோதித்தார்கள். சிவப்புச் சாயம் பூசி, காத்திருந்து, துடைத்து, வெள்ளைத் தூளைத் தூவியதும் ஆறு டிம்பிள்களில் சிவப்புக் கோடு ஊறி வந்தது. ஆறும் மழுங்கிய பிட்டால் துளைத்துப் பிசிறு எடுக்காமல் விட்ட வரிசைகளில்தான் இருந்தன. டிம்பிள் அச்சு துளையின் வாயை இழுத்து விரிக்கிறது. வாயில் கிழிந்த பிசிறு இருந்தால் விரிவு அந்த ஒரு புள்ளியில் குவிந்து வெடிப்புத் தொடங்கும். மறுபக்கமாக, பிசிறு எடுக்கிறேன் என்று 0.51 மி.மீ. தகட்டில் கருவியைப் பலமுறை சுற்றிச் சரிவு வெட்டினாலும் விளிம்பு மெல்லியதாகி அதே வெடிப்பு வரும். கையால், எடை கொடுக்காமல், பக்கத்துக்கு இரண்டு சுற்று போதும். விரல் நுனியைத் துளையில் தடவும்போது பிடிக்காவிட்டால் வேலை முடிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வெடித்த துளைகளைப் பெருக்கி, என்.ஏ.எஸ். 1097 ஏ.டி. 4 ரிவெற் போடலாமா என்ற யோசனை வந்தது. இதன் தண்டு 1/8 அங்குலம், தலை மட்டும் சிறியது. 3/32 அளவு டிம்பிளில் உட்காரும். துளை கெட்டுப்போனால் கைகொடுப்பது இதுதான். கணக்குப் போட்டார்கள். துளையை 30ஆம் இலக்கத்துக்கு, 3.26 மி.மீ.க்குப் பெருக்கினால் விளிம்பு பக்கத்துக்கு 0.39 மி.மீ. மட்டுமே நகரும். வெடிப்புகளின் நீளம் துளை வாயிலிருந்து 0.7 முதல் 1.1 மி.மீ. வரை. பெருக்கினாலும் வெடிப்பின் நுனி தகட்டிலேயே மிஞ்சும், அதிர்வில் வளரும். எனவே இடப்பக்கத் தோலை முழுதாகக் கைவிட்டார்கள். வெடிப்பு இல்லாத ஆனால் கழற்றும்போது துளை பெருத்த இடங்களுக்கு மட்டும் என்.ஏ.எஸ். 1097 என்று வரையறுத்தார்கள்.

தலை சற்றே எழும்பிய, மற்றபடி நல்ல ரிவெற்றை அப்படியே விடலாமா என்ற கேள்வியும் இருந்தது. பொதுவாக விடலாம். ஒவ்வொரு கழற்றலும் துளையைக் கொஞ்சம் கெடுக்கும். ஓரளவு குறையுள்ள ரிவெற்றைவிடப் பெருத்த துளை மோசம். இங்கே தோலே மாறுவதால் அந்தக் கேள்வி எழவில்லை.

அடுத்த முடிவு முறையை மாற்றுவது. ஸ்டிஃபனர்களை வெளியிலிருந்து அடிக்காமல் பின்பக்கத்திலிருந்து அடிப்பது. தோலின் வெளிமுகம் கீழாக, மினுக்கிய இரும்புத் தகட்டின் மேல் கிடக்கும். ரிவெற் தலைகள் அந்தத் தகட்டில் பதிந்திருக்கும். அடி உட்பக்கத்தில் தண்டின் நுனியில் விழும். தலை இருக்கும் மட்டத்தை விட்டு நகர வழியில்லை, வெளித்தோலைச் செட் தொடுவதுமில்லை. பார் பிடிக்க ஆளும் தேவையில்லை. மெல்லிய தோலில் ஸ்டிஃபனர் அடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பஞ்சிகாவத்தையில் 12 மி.மீ. இரும்புத் தகடு வாங்கி, 150க்கு 300 மி.மீ. அளவில் வெட்டி, லேத் பட்டறை ஒன்றில் ஒரு முகத்தை அரைத்து மினுக்கினார்கள். அதை மேசையின் மேல் வைக்காமல், பலகையைக் குடைந்து மேசை மட்டத்துக்குப் புதைத்தார்கள். மேலே வைத்தால் தோல் ஓரத்தில் தொங்கும், வரிசையின் கடைசி ரிவெற் தகட்டை விட்டு நழுவும். தகடு இல்லாத இடத்தில் விழும் ஒரே அடி தோலில் ஆழமான குழியை விட்டுவிடும். அதற்காகத் தகட்டின் நான்கு ஓரமும் தோலின் உட்பக்கத்திலிருந்து தெரியும்படி மேசையில் சிவப்பு ரேப் கோடுகள் இட்டார்கள்.

உளிச் சுத்தியல் கராஜுக்குத் திரும்பியது. ரிவெற் துப்பாக்கி வந்ததும் அதன் வாயிலேயே சிறு ரெகுலேற்றர் பூட்டினார்கள்.

இடைக்காலம்

புதிய தோல் வந்து சேர ஏழு வாரம் எடுத்தது. கெட்ட தோலை 100க்கு 150 மி.மீ. துண்டுகளாக வெட்டிப் பயிற்சிக்கு எடுத்தார்கள். அதே தகடு, அதே தடிப்பு என்பதால் கடையில் வாங்கும் அலுமினியத்தில் பழகுவதைவிட இது பன்மடங்கு பயன்பட்டது.

30, 35, 40 பி.எஸ்.ஐ. மூன்றிலும் அடித்துப் பார்த்தார்கள். 30இல் அடிதலை உருவாக அதிக நேரம் எடுத்தது. மென்மையாக அடிப்பது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் நிறைய அடிகள் ரிவெற்றை அடித்தே கடினமாக்கிவிடும், கடைசியில் அடிதலையின் ஓரம் வெடிக்கும். 40இல் கை பழகும் முன்பே நசுங்கிவிட்டது. 35இல் ஒன்று, ஒன்றரை விநாடியில் அடிதலை அளவுக்கு வந்தது. இலக்கு விட்டம் தண்டின் ஒன்றரை மடங்கு, 3.6 மி.மீ.; உயரம் பாதி, 1.2 மி.மீ. கீழெல்லையாக 1.3 மடங்கு விட்டம் வைத்தார்கள். ஒரு தகட்டுத் துண்டில் 3.1 மி.மீ. துளையிட்டு, அடிதலை அதற்குள் போனால் சிறிது என்று ஒதுக்கினார்கள்.

கொம்பிரசரில் தண்ணீர் ஒரு தொல்லை. கொழும்பின் ஈரப்பதத்தில் தாங்கியின் அடியில் ஒரு நாளிலேயே தண்ணீர் சேரும். அது குழாய் வழியாக வந்து துப்பாக்கியின் உள்ளே துரு பிடிக்க வைக்கும், தகட்டிலும் துப்பும். ஒவ்வொரு காலையும் வடிகால் திருகைத் திறப்பதும், துப்பாக்கியின் காற்று வாயில் இரண்டு மூன்று துளி ஒயில் விடுவதும் வழக்கமாயின.

தோலின் நீல நிறப் பாதுகாப்பு பிளாஸ்டிக் படலத்தையும் குறிப்பிட வேண்டும். ரிவெற் வரிசைகளில் மட்டும், முனை மழுக்கிய சூடான சோல்டரிங் அயனால் கோடிட்டுக் கீற்றாக உரித்து, மீதியைக் கீறல் விழாமலிருக்க விடுவது பலர் செய்வது. கடலுக்கு இவ்வளவு கிட்ட, மாதக்கணக்கில் அதை விடக்கூடாது. படலத்துக்கடியில் உப்பும் ஈரமும் தங்கி அல்கிளாட்டின் மேற்படையை அரிக்கும். பழைய தோலின் ஒரு மூலையில் அப்படி வெள்ளைப் புள்ளிகள் ஏற்கெனவே தொடங்கியிருந்தன.

இரண்டாவது தடவை

புதிய தோலுக்குப் புதிய பிட். 60 துளைக்கு ஒரு பிட் என்று எண்ணி மாற்றினார்கள். துளைத்ததும் இருபக்கமும் பிசிறு எடுத்து, பிறகே டிம்பிள். ஸ்குவீசரின் திருகு தொட்ட பிறகு கால் சுற்று இறக்கப்பட்டது. ஒவ்வொரு ஸ்டிஃபனரையும் தோலில் வைத்துக் கையால் அழுத்தி, இடைவெளி அளக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் நடுவில் போகிறதா என்று பார்த்தார்கள். போன மூன்று இடங்களைத் திரும்ப அழுத்தினார்கள்.

ரிவெற்றுகளை வெளிப்பக்கத்திலிருந்து செருகி, தலைகளின் மேல் மெல்லிய ரேப் ஒட்டி, தோலைத் திருப்பி இரும்புத் தகட்டில் வைத்தார்கள். நீளம் ஏ.டி. 3-3 மட்டும். அடிக்கும் முன் சுற்றுக்குழாயுள்ள, பின்பக்கத்திலிருந்து அடிப்பதற்கான செட்டை ஊன்றி அழுத்தினால் குழாய் இரு தகட்டையும் ஒட்டப் பிடித்துக்கொள்ளும், தண்டு நடுவில் நசுங்கும். அடிக்குமுன் ரேப் கோட்டைப் பார்ப்பது மைத்துனரின் வேலை. தகட்டில் இருந்தால் "இருக்கு" என்பார். அடித்தவர் "அடிக்கிறன்" என்று சொன்ன பிறகே விசை. காது மூடியிருந்ததால் சொல்லுடன் கையும் உயர்ந்தது. பாஸ் அடிதலையைப் பார்த்து "காணும்" என்றால் நிற்க வேண்டும். இன்னொரு அடி என்பதே இல்லை. 30 வருடத் தகட்டுப் பழக்கம் இங்கே வீண்போகவில்லை. அடிதலை அளவுக்கு வந்துவிட்டதைச் சத்தம் மாறுவதை வைத்தே மற்ற இருவருக்கும் முன் அவர் சொல்லிவிடுவார்.

விளைவு

96இல் 91 முதல் அடியிலேயே எல்லைக்குள் வந்தன. ஐந்தை மாற்ற வேண்டியிருந்தது. நான்கில் துளை கெடாமல் அதே அளவு ரிவெற் போட்டார்கள். ஒன்றில் பிட் நழுவித் துளை பெருத்ததால் என்.ஏ.எஸ். 1097 ஏ.டி. 4 போட்டார்கள். கடைசி இரண்டு வரிசைகளிலும் அடிக்குமுன் சாயச் சோதனை செய்ததில் வெடிப்பு இல்லை. காலை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது வெளித்தோலில் நெளிவு எதுவும் தெரியவில்லை. வலப்பக்கத் தோலும் இதே முறையில் முடிந்தது.

ஸ்பார் ஓரத்தில் தோலைப் பிணைக்கும் ரிவெற்றுகளுக்குத் தனிக் கணக்கு. தோல் 0.51, ஸ்பார் 0.81, ஒன்றரை மடங்கு 3.57, மொத்தம் 4.89 மி.மீ. 3-3 சற்றுக் குறைவு, 3-3.5 கூடுதல். துண்டில் இரண்டையும் அடித்துப் பார்த்து, 3-3இன் அடிதலை எல்லைக்குள் இருப்பதை உறுதிசெய்து அதையே போட்டார்கள். ஓரத்தில் ஸ்குவீசர் எட்டுவதால் அங்கே துப்பாக்கி தேவைப்படவில்லை. ஸ்குவீசர் எட்டும் இடத்தில் துப்பாக்கி எடுக்கவே கூடாது என்பது எமது உறுதியான கருத்து.

மாற்ற வேண்டியவை

கருவிகள் வந்து சேரும் முன் தோலைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் இருந்திருக்கலாம். ஏழு வாரக் காத்திருப்பு, ஒரு வாரப் பொறுமை இல்லாததால் வந்தது. செட் ஏறுகிறது என்பதற்காக ஒரு கருவியை ஏற்பதும் அதே அவசரம்தான்.

ஸ்குவீசர் டிம்பிளுக்கு ஒரு சோதனைத் துண்டு முதலிலேயே வைத்திருந்தால் 18 தலைகள் எழும்பியிருக்காது. இப்போது ஒவ்வொரு வேலை நாளும் அன்றைய காற்றழுத்தத்தில், அன்று பயன்படுத்தும் அச்சில், அன்றைய தகட்டின் தடிப்பில் 12 ரிவெற் ஒரு துண்டில் அடிக்கிறார்கள். திகதியும் அழுத்தமும் ரிவெற் நீளமும் மார்க்கரால் அதிலேயே எழுதப்படும். துண்டு தேறாவிட்டால் அன்று தோலைத் தொடுவதில்லை. பிசிறு எடுக்காத வரிசை எதுவும் இரவில் மேசையில் நிற்கக்கூடாது என்றும் வைத்திருக்கிறார்கள்; இருட்டினால் துளைப்பதை முன்பே நிறுத்துகிறார்கள்.

மாற்றிய ஐந்து ரிவெற்றின் இடமும் காரணமும் படத்துடன் வேலைப் பதிவேட்டில் இருக்கின்றன. கெட்ட தோலிலிருந்து ஆறு வெடிப்புகளில் ஒன்றைச் சுற்றி வெட்டிய துண்டு, சிவப்புக் கோடு அழியாமல், மேசைக்கு மேலே சுவரில் தொங்குகிறது. அதற்குக் கீழே நாளுக்கொன்றாகச் சோதனைத் துண்டுகள் ஆணியில் சேர்ந்துகொண்டிருக்கின்றன.